பதினெட்டு நிறைந்தபின் யார் துணை?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

ஆண்டு விழா மேடையில் பேச எழுவோர் தமிழின் தொன்மையையோ வேங்கடத்தின் பெருமையையோ எடுத்துரைப்பது வழக்கம். இன்று அவ்வழக்கத்தினின்றும் சிறிது விலகிச் செல்ல உங்கள் இசைவை வேண்டுகின்றோம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் நம் ஊரில் வளரும் சில பிள்ளைகளைப் பற்றியது. முடிவில் அது நம்மைப் பற்றியதாகவும் ஆகும்.

நாம் இவ்வூருக்கு வந்த முதல் நாளைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். வேலூரிலிருந்து வந்தவர் உண்டு. மதுரையிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வந்தவர் உண்டு. வங்கி வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் ஆசிரியப் பணிக்குமாக வந்து இறங்கினோம். கையில் ஒரு பெட்டி. நெஞ்சில் ஓர் அச்சம். வாடகைக்கு வீடு தேடித் தெருவுக்குள் நுழைந்தபோது, வீட்டுக்காரர் வாடகைத் தொகையைச் சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்டார்: “இக்கட மீக்கு எவரு தெலுசு?” இங்கே உங்களுக்கு யாரைத் தெரியும் என்பது அதன் பொருள். நம்மிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அவர் முதலில் கேட்கவில்லை. எவ்வளவு படித்திருக்கிறோம் என்றும் கேட்கவில்லை. நமக்காக ஒரு சொல் சொல்ல இவ்வூரில் ஒருவர் உண்டா என்பதே அவர்க்கு வேண்டியிருந்தது. அன்று நமக்கு முன்னே வந்து குடியேறிய தமிழர் ஒருவர், “நமக்குத் தெரிந்தவர்தாம்” என்று சொன்னார். அந்த ஒரு சொல்லால் வீடு கிடைத்தது. வீட்டைத் தொடர்ந்து பால்காரரும் மளிகைக் கடைக் கணக்கும் பிள்ளைக்குப் பள்ளியும் கிடைத்தன. இச்சங்கமே அத்தகைய சொற்களிலிருந்து பிறந்ததுதான்.

நம்மிற் சிலர் வந்தவரும் அல்லர். இருந்த இடத்திலேயே இருந்தவர்கள். சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. 1960-ல் திருத்தணி தமிழகத்துக்குச் சென்றது. 2022 ஏப்ரலில் சித்தூரும் திருப்பதியும் தனித்தனி மாவட்டங்களாயின. எல்லைக் கோடுகள் இவ்வாறு இடம் மாறினும் நாம் ஒருவர்க்கொருவர் அயலார் ஆகிவிடவில்லை. ஒருவர்க்காக ஒருவர் பொறுப்பேற்பதால் வருவதே உறவு என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

அன்று நம்மை நோக்கிக் கேட்கப்பட்ட அக்கேள்வி, இன்றும் ஆண்டுதோறும் இவ்வூர்த் தெருக்களில் சிலரை நோக்கிக் கேட்கப்படுகிறது. அவர்களிடம் அதற்கு விடை இல்லை. குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, பதினெட்டு வயது நிறைந்து, வெளியே வரும் இளைஞர்களும் இளம்பெண்களுமே அவர்கள்.

சித்தூரிலும் திருப்பதியிலும் இத்தகைய இல்லங்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அரசு நடத்துவனவும் தொண்டு நிறுவனங்கள் நடத்துவனவும் உள்ளன. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஸ்ரீ வேங்கடேசுவர பால மந்திரம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளித்து வருகிறது. திருப்பதியோ நாள்தோறும் பல்லாயிரவர் வந்து போகும் யாத்திரைத் தலம். அக்கூட்டத்தில் பெற்றோரைப் பிரிந்த பிள்ளையும் உண்டு. வீட்டைவிட்டு ரயிலேறி வந்த பிள்ளையும் உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்தவர் மட்டுமே இல்லங்களில் வளர்கின்றனர் என்று எண்ணலாகாது. தாய் நோயுற்றவள், தந்தை போன இடம் தெரியாதவன், வறுமையால் பிள்ளையை வைத்துக் காக்க இயலாதவர் என்று காரணம் பலவாகும். பிறர் குடும்பத்திலேயே குழந்தையைச் சேர்த்து வளர்க்கும் வளர்ப்புக் குடும்ப முறை மேலை நாடுகளில் பெருவழக்கு. நம் சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. எனினும் அது இங்கே இன்னும் வேரூன்றவில்லை. ஆதரவற்ற பிள்ளைகளிற் பெரும்பாலோர் இல்லங்களிலேயே வளர்கின்றனர்.

இப்பிள்ளைகளைக் காக்கும் இன்றைய சட்டம், 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். அச்சட்டப்படி பதினெட்டு நிறைந்தவர் குழந்தை அல்லர். ஆகவே குழந்தைகள் இல்லத்தில் அவர்க்கு இடமில்லை. பிறந்த நாளே தெரியாத பிள்ளையாயின் என் செய்வது? பள்ளிச் சான்றைத் தேடுவர். நகராட்சியின் பிறப்புச் சான்றைத் தேடுவர். எதுவும் கிட்டாதபோது மருத்துவர் எலும்பின் வளர்ச்சியைச் சோதித்து வயதைக் கணிப்பார். குழந்தைகள் நலக்குழு எந்த வயதைப் பதிவு செய்கிறதோ அதுவே சட்டத்தின் கண்ணில் உண்மையான வயது. மருத்துவர் கணிப்பில் ஓராண்டு கூடிவிட்டால், அப்பிள்ளை ஓராண்டு முன்னதாகவே தன் படுக்கையைச் சுருட்ட வேண்டியவன் ஆகிறான்.

நம் வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு நிறையும் நாளில் என்ன நிகழ்கிறது? பாயசம் வைக்கிறோம். அதற்கு மேல் ஒன்றும் நிகழ்வதில்லை. மறுநாளும் அவன் அதே பாயில் உறங்குகிறான். அதே தட்டில் உண்கிறான். கல்லூரி விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம் இடும் இடத்தில் நாம் கையொப்பம் இடுகிறோம். முதல் வேலையை அவன் மூன்றாம் மாதத்தில் விட்டுவிட்டு வந்தால் திட்டுகிறோம். திட்டிவிட்டுச் சோறு போடுகிறோம். காய்ச்சல் வந்தால் மிளகு ரசம் வைக்கிறோம். தவறு செய்யவும், திரும்பி வரவும், மறுபடி தொடங்கவும் அவனுக்கு ஒரு வாசற்படி இருக்கிறது. அந்த வாசற்படி இல்லாதவன் முதல் தவற்றிலேயே வீழ்கிறான். நம் பிள்ளைக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு அறிவிலும் இல்லை, ஒழுக்கத்திலும் இல்லை. திரும்பி வர ஓரிடம் உண்டா இல்லையா என்பதில் இருக்கிறது.

இவ்விடத்தில் நம் குறையொன்றை நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். நம் சங்கம் ஆண்டுதோறும் ஓர் இல்லத்துக்குச் சென்று விருந்து படைக்கிறது. நல்ல செயல். சர்க்கரைப் பொங்கலும் வடையும் பரிமாறுகிறோம். நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். சென்ற ஆண்டு அவ்விருந்து முடிந்தபின் ஒரு பையன் நம் அருகே வந்து நின்றான். பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பவன். “அடுத்த முறை நீங்கள் வரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். உங்கள் வீடு எங்கே என்று சொல்வீர்களா?” என்று கேட்டான். நாம் என்ன விடை சொன்னோம் தெரியுமா? “நன்றாகப் படி, தம்பி” என்று சொன்னோம். அவன் தலையசைத்துவிட்டுத் தட்டுக்களை எடுத்துக் கழுவப் போய்விட்டான். அவன் கேட்டது பணம் அன்று, வேலை அன்று, ஒரு விலாசம். அதைக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை என்பதும் அன்று; கொடுத்தால் என்ன ஆகுமோ என்னும் தயக்கம். வண்டியில் திரும்பும்போது நாம் ஒருவரோடொருவர் அதைப் பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் விட்ட அதனை இன்று பேச வேண்டும் என்பதற்காகவே இம்மேடைக்கு வந்தோம்.

தமிழர்க்கு இக்கடமை புதியதன்று. பறம்பு மலைத் தலைவன் பாரி மாண்டபின், ஆதரவின்றி நின்ற அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் புறப்பட்ட வரலாற்றைப் புறநானூறு நமக்கு உரைக்கிறது. அம்மகளிர் அப்பொழுது கைக்குழந்தைகள் அல்லர். வாழ்வைத் தொடங்கும் பருவத்தினர். கபிலரோ செல்வரல்லர்; புலவர். விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் அவர்களை அழைத்துச் சென்றார். தாம் அவர்கள் தந்தையின் தோழர் என்றும், அவர்கள் தம் மக்கள் என்றும் அவையில் நின்று கூறினார். சென்ற இடத்தில் இசைவு கிடைக்கவில்லை. அதனால் தம் பணி முடிந்தது என்று அவர் வீடு திரும்பவில்லை. தக்காரிடம் அவர்களைச் சேர்த்த பின்னரே தம் கடன் நிறைவுற்றதாகக் கொண்டார் என்று அந்நூலின் பழங்குறிப்புக்கள் காட்டுகின்றன. தம்மிடம் இருந்த ஒரே செல்வமாகிய தம் பெயரை அவர் அம்மகளிர்க்குப் பிணையாக வைத்தார் என்பதே இங்கே நாம் கருதத்தக்கது. திருமணம் ஒன்றே பெண்ணுக்கு வாழ்வு என்று எண்ணிய காலம் அது. இன்று அவ்வாறு எண்ண வேண்டியதில்லை. ஆனால் “இவர்கள் என் மக்கள்” என்று ஊர் அறியச் சொல்லும் ஒருவரது தேவை அன்றும் இருந்தது; இன்றும் இருக்கிறது.

அண்மைக் காலத்திலும் நம் நாட்டில் இதை உணர்ந்தோர் இருந்தனர். 1905-ல் சென்னையில் ஏழு பிள்ளைகளோடு தொடங்கிய இராமகிருஷ்ண மாணவர் இல்லம் கல்வியோடு தொழிற்பயிற்சிக்கும் வழி செய்தது. 1930-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், நாடி வந்த பெண்களுக்குத் தம் இல்லத்தையே புகலிடமாக்கி ஔவை இல்லத்தைத் தோற்றுவித்தார். சிறார்க்கென்று தனிச்சட்டத்தை இந்தியாவில் முதன்முதலில் இயற்றியது சென்னை மாகாணமே. 1920-ல் அது இயற்றப்பட்டபோது நம் சித்தூரும் அம்மாகாணத்தில் அடங்கியிருந்தது. நாடு விடுதலை பெற்றபின், துர்காபாய் தேஷ்முக் அம்மையாரின் தலைமையில் 1953-ல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. இல்லங்களைவிட்டு வெளியேறுவோரின் பிற்காப்பைப் பற்றி ஆராய, அவ்வாரியம் 1954-ல் பேராசிரியர் எம். எஸ். கோரே தலைமையில் ஒரு குழுவை ஏற்படுத்தியது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நாடு இவ்வினாவை எழுப்பிவிட்டது என்பது இதனாற் புலனாகும். முழு விடைதான் இன்னும் வரவில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, பதினெட்டு நிறைந்து இல்லம்விட்டுச் செல்வோர்க்குப் பொருளுதவி வழங்கலாம் என்கிறது. 2016-ல் வந்த மாதிரி விதிகள் அவ்வுதவியை விரித்துரைக்கின்றன. இருபத்தொரு வயது வரையிலும், தனித்த காரணம் உண்டாயின் இருபத்து மூன்று வரையிலும் பிற்காப்பு அளிக்கலாம். ஆறு முதல் எட்டுப் பேர் வரை சேர்ந்து தங்கும் தற்காலிக வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, தொடர்ந்து கலந்துரையாட ஓர் ஆலோசகர், தொழில் தொடங்கக் கடனுதவி ஆகியவற்றை அவ்விதிகள் கூறுகின்றன. மத்திய அரசின் வாத்சல்யத் திட்டத்துக்கு 2022-ல் வந்த நெறிமுறைகள், பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் என்று வகுத்தன. இவையனைத்தும் நல்லனவே. ஆயினும் “வழங்கலாம்” என்பது வேறு, “வழங்க வேண்டும்” என்பது வேறு. கேட்கத் தெரிந்தவனுக்கே உதவி கிடைக்கும். விண்ணப்பம் எழுதி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நான்கு முறை நடக்கத் துணிந்தவனுக்கே கிடைக்கும். பதினெட்டு ஆண்டுகள் மணியடித்தால் உண்டு, மணியடித்தால் உறங்கிய பிள்ளைக்கு அத்துணிவு எங்கிருந்து வரும்? உடன் நடக்க ஒருவர் வேண்டும்.

பிற நாடுகளும் இப்படிப்பினையைப் பெற்றன. பிரிட்டன் 2000-ல் இயற்றிய சட்டம், இல்லம் விட்டுச் செல்லும் ஒவ்வோர் இளைஞர்க்கும் பெயர் சொல்லத்தக்க ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று விதித்தது. வளர்ப்புக் குடும்பத்திலேயே இருபத்தொரு வயது வரை தங்க 2014-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலோசகர் துணையை இருபத்தைந்து வயது வரை நீட்டியது. அமெரிக்காவிலும் 2008-ஆம் ஆண்டுச் சட்டம், வளர்ப்புக் காப்பை இருபத்தொரு வயது வரை நீட்டிக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசின் பொருளுதவி கிடைக்கச் செய்தது. செல்வம் மிக்க அந்நாடுகளே, பணம் மட்டும் போதாது, ஓர் ஆள் வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தன. அந்த ஆளை இங்கே யார் தருவது? நம்மைப் போன்ற காலனிகளும் சங்கங்களும்தாம் தர இயலும்.

அவ்வாறு உடன் நிற்பவரை வழித்துணை என்று அழைக்கலாம் எனக் கருதுகிறோம். வழித்துணை தந்தையும் அல்லர், தாயும் அல்லர், தருமம் செய்பவரும் அல்லர். முன்னே போய் வழி தெரிந்துகொண்டவர், பின்னே வருபவரோடு சிறிது தூரம் நடப்பவர், அவ்வளவே. அவர் செய்ய வேண்டுவன பெரிய காரியங்களும் அல்ல.

முதலாவது, காகிதங்கள். இளைஞன் இல்லத்தைவிட்டு வருமுன் அவன் கையில் ஆதார் அட்டை, பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, மதிப்பெண் பட்டியல், தன் பெயரிலேயே வங்கிக் கணக்கு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பதினெட்டு நிறைந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும். பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. பத்து வயது நிறையுமுன் பெற்றோரை இழந்து, காப்பார் எவருமின்றி, அரசு நடத்தும் அல்லது அரசின் ஏற்புப் பெற்ற இல்லத்திலோ பள்ளியிலோ சேர்ந்த பிள்ளைகளை ஆந்திர அரசு பிற்பட்ட வகுப்பினர் பட்டியலின் ‘ஏ’ பிரிவில் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டின் பிற்பட்டோர் பட்டியலிலும் அவர்கட்கு இடம் உண்டு. அச்சான்றைப் பிள்ளை இல்லத்தில் இருக்கும்போதே பெறுவது எளிது. வெளியே வந்தபின் பெறுவது அரிது. ஒரு சான்றிதழ் ஒரு கல்லூரி இடமாகவும் ஓர் அரசு வேலையாகவும் மாறக்கூடும் அன்றோ?

இரண்டாவது, தொழிலும் படிப்பும். நம் அவையை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். திருப்பதி ரயில் பெட்டிப் பணிமனையில் பணிபுரிந்தோர் இங்கே இருக்கின்றனர். வங்கி அலுவலர் இருக்கின்றனர். மருத்துவமனைச் செவிலியர் இருக்கின்றனர். ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் சென்று வருவோர் இருக்கின்றனர். மாம்பழக் கூழ் ஆலைகளின் கணக்கை எழுதுவோர் இருக்கின்றனர். எந்த வேலையில் எது நிலைக்கும், எந்த வேலை மாம்பழக் காலத்தோடு முடிந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். நம் பிள்ளைக்கு உணவு மேசையில் இதை எல்லாம் இலவசமாகச் சொல்கிறோம். இல்லத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்வார் இல்லை.

மூன்றாவது, வீடு. வாடகை வீட்டுக்காரர் கேட்கும் கேள்விக்கு, “எங்களைத் தெரியும்” என்று சொல்ல ஒரு குடும்பம் வேண்டும். முன்பணத்துக்காகச் சங்கம் ஒரு சிறு நிதியை ஒதுக்கலாம். இல்லத்தில் வளர்ந்தவன் என்று தெரிந்தவுடன் கதவைச் சாத்துவோர் உண்டு; சாதியைக் கேட்டு, விடை தெரியாததால் சாத்துவோரும் உண்டு. அங்கே நாம் நேரில் போய் நிற்க வேண்டும். ஊரில் நல்ல பெயர் ஈட்டியிருக்கிறோம் என்கிறோமே, அப்பெயரை இதற்குச் செலவிடாமல் வேறெதற்குச் செலவிடப் போகிறோம்?

நான்காவது, நாள் கிழமை. தீபாவளி அன்றும் பொங்கல் அன்றும் உகாதி அன்றும் விடுதிகள் வெறிச்சோடிப் போகும். போக வீடு இல்லாதவன் அன்று உணவு விடுதியும் மூடியிருப்பதைக் கண்டு திரும்புவான். அந்நாட்களில் ஓர் இலை கூடுதலாகப் போடுவது நமக்குப் பெரிதன்று. அவனுக்கு அது ஆண்டு முழுதும் நினைவிருக்கும்.

இவ்வளவும் எளிது என்று சொன்னோம். ஒன்று மட்டும் அரிது, அது தொடர்ச்சி. 1904-ல் நியூயார்க் நகரச் சிறார் நீதிமன்ற எழுத்தராகிய எர்னஸ்ட் கோல்ட்டர் என்பவர், அங்கே கொண்டுவரப்பட்ட சிறுவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பெரியவர் அண்ணனாக நிற்க முன்வர வேண்டும் என்று வேண்டினார். அதிலிருந்து ஒரு பேரியக்கம் வளர்ந்தது. அவ்வியக்கத்தின் வழியே துணைபெற்ற பிள்ளைகளைக் குறித்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓராண்டும் அதற்கு மேலும் துணை நீடித்த பிள்ளைகள் மிகுந்த நன்மை அடைந்தனர். சில மாதங்களிலேயே துணை விலகிப்போன பிள்ளைகளுக்கோ, தம்மைப் பற்றிய மதிப்பே குறைந்து போயிற்று. ஏற்கெனவே ஒரு முறை கைவிடப்பட்ட பிள்ளையை மறுமுறை கைவிடுவது எத்தகைய தீங்கு என்பதை இது காட்டுகிறது. ஆகவே ஒரு வேகத்தில் கை தூக்க வேண்டா. ஓராண்டுக்குக் குறைவாக நிற்க நேரும் என்று கருதுவோரும், விரைவில் மாற்றலாகிப் போகும் நிலையில் இருப்போரும் வழித்துணையாக வேண்டா. காகித வேலையிலும் நிதியிலும் உதவட்டும். வாக்குக் கொடாமை குற்றமன்று. கொடுத்துத் தவறுதல் குற்றம்.

வேறு சில எச்சரிக்கைகளும் உள. பதினெட்டு நிறையாத பிள்ளையோடு பழகத் தொடங்குவதாயின், இல்லப் பொறுப்பாளரும் குழந்தைகள் நலக்குழுவும் அறியவே பழக வேண்டும்; எழுத்து வடிவில் இசைவின்றி எங்கும் அழைத்துச் செல்லலாகாது. பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே வழித்துணையாக நிற்க வேண்டும். வீட்டு வேலைக்கு ஓர் ஆள் கிடைத்தது என்று எவரேனும் எண்ணினால், அவர் இப்பணிக்கு வரவே வேண்டா. “எவனோ ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது” என்று இல்லத்துப் பெண்ணின் திருமணத்தை விரைவுபடுத்தும் பழக்கமும் கூடாது. அவள் படிக்கட்டும், சம்பாதிக்கட்டும், தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளட்டும். காப்பில் உள்ள பிள்ளைகளை அடையாளம் காட்டும் பெயரையும் படத்தையும் ஏட்டில் வெளியிடுதலைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. நம் ஆண்டு மலரின் பழைய இதழ்களில், இனிப்பு வாங்க வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் படங்களை அச்சிட்டிருக்கிறோம். அறியாமற் செய்தது. இம்மலரிலிருந்து அதை நிறுத்துவோம். வாங்கும் கையைப் படம்பிடிப்பது கொடுப்பவர்க்கு அழகன்று.

சிலர் உள்ளத்தில் எழும் ஐயங்களையும் நாம் அறிவோம். அப்பிள்ளைகளிற் பலர் தெலுங்கு பேசுவோர் ஆயிற்றே, தமிழ்ச் சங்கத்துக்கு இது தகுமா என்பது ஒன்று. நமக்கு வீடு கொடுத்தவர் தெலுங்கர். நம் பிள்ளைக்குப் பாடம் சொன்னவர் தெலுங்கர். இந்நாட்டின் தண்ணீரைக் குடித்து வாழும் நாம், இந்நாட்டுப் பிள்ளைக்குத் துணை நிற்க மொழி பார்ப்பது முறையாகாது. அவர்களுள் தமிழ் பேசும் பிள்ளைகளும் இருக்கக்கூடும், இருப்பின் மகிழ்ச்சி, இல்லையெனினும் கடமை கடமையே. நம் பிள்ளைகளையே கரையேற்ற முடியாமல் தவிக்கிறோமே என்பது மற்றொன்று. அது மெய்தான். ஆனால் வழித்துணை சுமப்பவர் அல்லர், உடன் நடப்பவர். மாதம் இரண்டு சந்திப்பு, வாரம் ஒரு தொலைபேசி, ஆண்டுக்கு மூன்று பண்டிகை, இடர் வந்தால் ஓர் இரவு விழிப்பு. இதைவிட அதிகமாக நாம் கேட்கவில்லை. பையன் ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்பது மூன்றாவது ஐயம். சில வேளை ஏமாற்றக்கூடும். நம் வீட்டுப் பிள்ளைகள் நம்மை ஒருமுறையும் ஏமாற்றியதில்லையா?

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். இவ்வாண்டு ஐந்து குடும்பங்கள் முன்வரட்டும். ஒரு குடும்பத்துக்கு ஓர் இளைஞர் அல்லது இளம்பெண்ணாக ஐவர்க்குத் துணை நிற்போம். பதினெட்டு முதல் இருபத்து மூன்று வரை ஐந்து ஆண்டுகள் நிற்போம். ஐந்துக்கு மேல் இப்பொழுது வேண்டா. பத்துக் குடும்பம் கைதூக்கி, ஆறு குடும்பம் விலகிப் போவதைவிட, ஐந்து குடும்பம் ஐந்தாண்டும் நிற்பது நன்று. விருந்தை நிறுத்த வேண்டா. விருந்தோடு நிறுத்திவிட வேண்டா என்பதே நம் வேண்டுகோள்.

அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்து சென்றோர் இங்கே பலர் இருப்பீர்கள். ஏறத்தாழ 3,550 படிகள். தொடக்கத்தில் எல்லோரும் விரைவாகவே ஏறுகிறோம். மோகாள்ள மிட்டா என்று தெலுங்கர் வழங்கும் அந்த முழங்கால் ஏற்றத்தில்தான் மூச்சு வாங்குகிறது. அங்கே நம்மை எவரும் தூக்கிச் செல்வதில்லை. பக்கத்தில் ஏறும் முன்பின் அறியாத ஒருவர், “இன்னும் கொஞ்சந்தான், வாருங்கள்” என்று சொல்லித் தாமும் ஒரு நிமிடம் நிற்கிறார். அவர் நின்றதனால் நாம் ஏறுகிறோம். பதினெட்டு என்பது இல்லத்துப் பிள்ளைகளின் முழங்கால் ஏற்றம். அங்கே ஒரு நிமிடம் அன்று, ஓர் ஐந்தாண்டு நாம் நிற்போம்.

சென்ற ஆண்டு நம்மிடம் விலாசம் கேட்ட பையன் இப்பொழுது அந்த இல்லத்தில் இல்லை. இல்லத்தார் வழியே அவன் இருக்குமிடத்தை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறோம். அவனைக் காண நேர்ந்தால், ஓராண்டு தாமதமாக ஒரு காகிதத்தை அவன் கையில் கொடுப்போம். அதில் நம் வீட்டு எண்ணும் தெருவின் பெயரும் எழுதியிருக்கும். இனி எவரேனும் அவனைப் பார்த்து, “இக்கட நீக்கு எவரு தெலுசு?” என்று கேட்டால், அவன் அக்காகிதத்தைக் காட்டட்டும்.

அத்தகைய காகிதம் ஒன்றை எழுத நம் காலனியில் இன்னும் நான்கு வீடுகள் வேண்டும். விழா முடிந்தபின் செயலாளர் மேசையருகே நாம் நிற்போம். அங்கே உங்களை எதிர்பார்க்கிறோம்.